ஒன்பதாவது பாட்டில்

சனிக்கிழமை, ஒன்பதேகால். சட்பரியில் மைனஸ் பதினொன்று.
கிடங்கின் இரும்புக் கதவைத் தூக்குவதற்குள்
மூன்று கார்கள் வரிசையில்.
பெயின்ட், பெயின்ட், பிறகு ஒரு பழைய பேட்டரி.
நான்காவதாக கொஸ்கெலா அம்மாள்.
பின்சீட்டில், குழந்தைக்குப் போடுவதுபோல்
பெல்ட் போட்ட அட்டைப்பெட்டி.

"கீழ்வீட்டில் இருந்தவன் விட்டுப் போனது.
தீரூ. முழுப் பெயர் என் வாயில் நிற்காது.
வாடகை பாக்கி இல்லை.
ஜன்னலோரம் கல் வளர்ப்பான்,
நீலமாக, கட்டைவிரல் பருமனில்."

உள்ளே ஒன்பது பாட்டில்கள்.
ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், ஒரு மேப்பிள் பாகுப் புட்டி.
புட்டியை முதலில் எடுத்துத் தனியாக வைத்தேன்.
சாப்பாட்டுப் பாட்டிலில் சாப்பிடக்கூடாதது இருந்தால்
யாரோ ஒருவர் அதைச் சாப்பிடுவார்.
இது விதிப்புத்தகத்தில் இல்லை. நான் பார்த்தது.

"லேபிள் ஒட்டியிருக்கிறான், நல்ல பையன்.
என்ன மொழியோ. என் பேத்தி
ஜார்ஜிய எழுத்து என்றாள்."
என் மார்பில் பிரான்சிஸ் என்று குத்தியிருக்கிறது.
அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தேன்.
மயில்துத்தம்.
ஆறு வருடத்தில் இந்தச் சொல்
இந்த மேசைக்கு வந்ததில்லை.
படிவத்தில் காப்பர் சல்பேட் என்று எழுதினேன்.
மயில் பறந்துவிட்டது.

அடுத்தது: வினிகரில் ஊறிய ஆணி, மார்ச்.
அடுத்தது: இதோடு பிளீச் சேர்க்காதே,
மூன்று முறை அடிக்கோடு.
அடுத்தது: முட்டாளே, மூடியைத் திருகு.
தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் ஒருவனை
எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

"உங்களுக்கு இதைப் படிக்கத் தெரியுமா?"
கொஸ்கெலா அம்மாள் கையுறையைக் கழற்றினாள்.
ஒவ்வொன்றாகச் சொன்னேன்.
அமிலம் இடப்பக்கம், காரம் வலப்பக்கம்,
இரண்டுக்கும் நடுவே என் உடம்பு.
சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"பன்னிரண்டு இருந்தன. மூன்றைப்
பாத்திரத் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.
தண்ணீரை நன்றாகத் திறந்துவிட்டுத்தான்."

என்ன நிறம் என்று கேட்டேன்.
இரண்டுக்கு நிறமில்லை. ஒன்று பச்சை.
அந்தக் குழாய் எங்கே போகிறது என்று
நான் சொல்லவில்லை.
தெருவுக்கு ஓர் ஏரி இருக்கிற ஊர் இது,
அவளுக்கே தெரியும்.
அதை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

ஒன்பதாவது பாட்டில்.
தேநீர் நிறம், அடியில் வெள்ளைப் படிவு,
மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது.
"இதில் என்ன எழுதியிருக்கிறான்?"
பிறகு பார்க்கலாம்.
"அது என்ன கெமிக்கல்?"

அந்தக் கிடங்கில் அதைப் படிக்கத் தெரிந்தவன்
நான் ஒருவன்தான்.
படித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.

அவள் வின்னிபெக் எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தாள்.
எடுக்கவில்லை.
வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

திறக்கவில்லை, முகரவில்லை, ஆட்டவில்லை.
பழைய லேபிளைக் கிழிக்காமல்
அதன் கீழே புதியதை ஒட்டினேன்:
தெரியாதது. சுமார் 400 மில்லி.
துகள் நிரப்பிய வாளியில்
நேராக நிறுத்தினேன்,
தூங்குகிறவனைக் கிடத்தாமல்
உட்காரவைப்பதுபோல்.

நாலு மணிக்கு லாரி வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போனது.
கையை இரண்டு முறை கழுவினேன்.

வீட்டில் காரை நிறுத்தும்போது
கராஜ் மூலையில், பனி மண்வெட்டிக்குப் பின்னால்
டர்பன்டைன் டப்பா, மூடி துருப்பிடித்து.
இது அதற்கு மூன்றாவது குளிர்காலம்.
விளக்கை அணைத்தேன்.