ஒரே குரல்

கிடினியா துறைமுகத்தில், எண்பத்தொன்பது பிப்ரவரியில்,
ஹாங்காங் போய்த் திரும்பிய கப்பல் சமையல்காரன்
ரோமுவால்ட் இறக்கிய சாமான்கள்:
இரண்டு கால்குலேட்டர், ஒரு பட்டுக்குடை,
லேபிள் கிழிந்த ஏழு வீடியோ கேசட்.
குடையை அவன் மனைவி எடுத்துக்கொண்டாள்.
கேசட்டுகள் எங்களுக்கு.

நாங்கள் என்றால்
மீன் டப்பா ஆலையில் வேலை பார்த்த போகுமீவா,
டிராலிபஸ் ஓட்டிய நான்,
பல் மருத்துவத்தைப் பாதியில் விட்ட எவுசேபியுஷ்,
பிறகு வின்சென்டி.

வின்சென்டிக்குச் சீனம் தெரியாது.
ஆனால் மைக் அவனுடையது.
பிணத்துக்கும் மணப்பெண்ணுக்கும் போலீஸ்காரனுக்கும்
மந்திரவாதிக்கும் மந்திரவாதியின் கோழிக்கும்
ஒரே தொண்டை.
ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று
அறிவிக்கிறவனின் குரல்.
வாய்க்கு வந்ததுதான் வசனம்.

நெற்றியில் மஞ்சள் தாள் ஒட்டிய பிணம்
இரு கையும் நீட்டிக் குதித்துக் குதித்து வரும்.
மூச்சை அடக்கினால் அதற்கு ஆள் தெரியாது.
மந்திரவாதி அடக்குவார். சீடன் அடக்குவான்,
கன்னம் உப்பிப் பன் மாதிரி ஆகும்.
போகுமீவா அடக்குவாள்.
நானும், சோபாவின் கிழிசலில் விரலை விட்டுக்கொண்டு.
பிணம் நிற்கும். மோப்பம் பிடிக்கும்.
அப்போது வின்சென்டி, அதே குரலில்:
"வெண்ணெய் வந்திருக்கிறதாமே.
வரிசை எங்கே தொடங்குகிறது?"

எவுசேபியுஷ் ஒருமுறை சிரித்து
நாற்காலியோடு கவிழ்ந்தான். உதட்டில் இரண்டு தையல்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தார்.
பிறகு அவரே மேலே வந்து
கதவோரம் நின்று முழுப்படமும் பார்த்தார்.

ஆறு கேசட் இப்படி.
ஏழாவதில் எழுத்தே வேறாக இருந்தது.
ஜப்பான், என்றான் எவுசேபியுஷ்.

ஓர் அண்ணன், ஒரு தங்கை. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்.
சமையலறைப் பாத்திரங்களைப் பங்கு பிரிக்கிறார்கள்.
உனக்கொன்று, எனக்கொன்று,
செய்தித்தாளில் சுற்றிச் சுற்றிப் பெட்டிக்குள்.
வெளியே மழை. பதினோரு நிமிடம்.
வசனமே இல்லை.

வின்சென்டி கைவசம் பன்னிகள் பற்றி ஒரு நகைச்சுவை வைத்திருந்தான்,
எங்களிடம் முன்னமே சொல்லியிருந்தான்.
சொல்லவில்லை.
மைக் திறந்தே இருந்தது.
மழைக்கு நடுவே அவன் மூச்சு கேட்டது,
சிகரெட்காரனின் லேசான விசில் மூச்சு.

பதினோராவது நிமிடம் அண்ணன் ஏதோ சொன்னான்.
வின்சென்டி வாயைத் திறந்தான். மூடினான்.
அந்த அறையில் அன்றுதான்
ஒரு நடிகனின் சொந்தக் குரலை
யாரும் மேலே ஏறி மிதிக்காமல் கேட்டோம்.
சின்னக் குரல். சளி பிடித்த குரல்.

என்ன சொல்லியிருப்பான்?
வசந்தம் முழுக்க அதே சண்டை.
உன்னை மன்னிக்க மாட்டேன், என்றாள் போகுமீவா.
கடைசியில் அம்மா உன்னைத்தான் கேட்டாள், என்றேன் நான்.
எவுசேபியுஷ், வீட்டு வாடகை பற்றி இருக்கும் என்றான்;
அவனோடு இரண்டு வாரம் பேசவில்லை.
ஜூனில் நாடே ஓட்டுப் போட்டது.
நாங்களும் போட்டோம், வரிசையிலும் இதையே பேசினோம்.

வின்சென்டி தொண்ணூற்றொன்றில் ஹாம்பர்க் போனான்.
கடிதம் இரண்டு வந்தது.

போன நவம்பரில் அதே படம்.
புதுப்பித்த பிரதி, அகலத் திரை,
கீழே திருத்தமான போலிஷ் எழுத்து.
போகுமீவா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.
நிறைய இளசுகள், ஒருவன் மடியில் ஹெல்மெட்.
மழை. செய்தித்தாள். பதினோரு நிமிடம்.
அண்ணன் வாய் திறந்தான்.
வரி வந்தது:

"இந்த மூடி எதனுடையது?"

முப்பத்தைந்து வருடம்.
ஒரு மூடி.

அரங்கம் மூக்கு உறிஞ்சியது.
எங்கள் இருவருக்கும் எங்கிருந்தோ சிரிப்பு பீறிட்டது,
அடக்க அடக்க நாற்காலி ஆடியது.
போகுமீவா கண்ணில் நீர் வழிய, கிசுகிசுப்பாக,
ரயில் அறிவிப்புக் குரலில்:
"வெண்ணெய்ப் பாத்திரத்துடையது."

முன்வரிசைப் பெண் திரும்பினாள்.
இருட்டில் முகம் முகமாகத் தேடினாள்.
நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டோம்.