மூன்றா, எட்டா

கிலோ முப்பத்தெட்டு என்றார் காயலான்கடை மீராசா.
நான் நாற்பது என்றேன்.
கூத்தாநல்லூர் மில் கொட்டகையில்
அதுவரை அந்த லாரியை யாரும் விலை கேட்டதில்லை.
என் எடைமேடையில் ஏற்றியபோது
இரண்டு டன் அறுநூற்றுப் பத்து.
அதில் உமி எவ்வளவு, துரு எவ்வளவு,
எலி கட்டிய வீடு எவ்வளவு
என்பதை மேடை சொல்லாது.

மன்னார்குடியில் பதினோரு வருடம்
வண்டிகளை எடையால் அறிந்தவள் நான்.
நெல் ஏற்றியது,
நனைந்த நெல் ஏற்றியது,
நனைத்து ஏற்றியது.
இது எதை ஏற்றியதென்று தெரியவில்லை.

தேசிங்கு பிளேடால் சுரண்டினான்.
மேலே மில்லின் நீலம். அடியில் ரெட் ஆக்சைடு.
அப்புறம் யாருடைய தேர்தலோ, ஒரு மஞ்சள் பட்டை.
அப்புறம் பாசிப் பச்சை.
பச்சைக்கும் கீழே மணல் நிறம்.
போர் போடும்போது
அடிக்கு ஒரு நிறமாய் மண் வருமே, அப்படி.
இதுவும் ஒரு போர்தான் என்று சிரித்தான்.
"பாலைவனம் போன வண்டிக்கா இது."
போயிருக்கலாம்.
போகவென்று பூசி, போகாமலும் நின்றிருக்கலாம்.

பானட்டின் பக்கத்தில் வெள்ளை எழுத்து,
எல் என்று தொடங்கி ஏழு இலக்கம்.
ஐந்து தெரிகிறது.
எல் என்றால் லாரியாம்,
பட்டாளம் வைத்த பெயர்.
முன் ஸ்பிரிங் அருகே இரும்பில் ஒரு குத்து:
மூன்று கோடுகள் ஒரு முனையில் சேர்கின்றன.
சர்க்காரின் சொத்து என்பதற்கு அம்புக்குறி.
எனக்கு அது
நாற்றங்கால் சேற்றில் கொக்கு நின்ற தடம்.
யோசித்துப் பார்த்தால்
அம்பு காட்டும் திசைக்கு எதிரேதான்
கொக்கு நடந்திருக்கும்.

பித்தளைத் தகட்டில் ஓர் எண்.
எஞ்சினில் வேறு.
மில்லின் பழைய ஆர்.சி. புத்தகத்தில்,
கரையான் விட்டுவைத்த பக்கத்தில்,
இரண்டும் இல்லாத மூன்றாவது.
கேபின் நாகூரில் ஓர் ஆசாரி தேக்கில் செய்தது.
பின் அச்சு எதனுடையதோ.
நான் வாங்கியது ஒரு வண்டியா,
நான்கு வண்டிகளின் மிச்சமா?

திருவாரூர் ஆபீசில்
கம்ப்யூட்டர் காட்டிய பட்டியலில் பெட்ஃபோர்டு இல்லை.
"மற்றவை" என்று அழுத்தினார்கள்.
தயாரித்த வருடம் நாற்பத்தொன்று என்றதும்
கட்டம் சிவந்தது.
நிறம்?
எத்தனையாவது நிறம் என்று கேட்க நினைத்து
பச்சை என்றேன்.
சரக்கு வண்டியா, சொந்த வண்டியா?
சொந்தம்.
சொன்ன பிறகு அந்தச் சொல்
என் வாய்க்குப் பெரிதாக இருந்தது.

மறுவாரம் இன்ஸ்பெக்டர் திலகவதி நேரில் வந்தார்.
சாக்கு விரித்து
வண்டிக்கு அடியில் அவரே படுத்தார்.
சேஸிஸில் தாளை ஒட்டி
பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார்.
கரிக்குள்ளிருந்து வெள்ளையாய் ஒவ்வொன்றாக வந்தன.
நான்காவது இலக்கம் மட்டும்
இடது பக்கத்தைத் துருவுக்குக் கொடுத்துவிட்டது.
"மூன்றா, எட்டா?"
வெளியே வந்து தலைமுடியில் உமி தட்டியபடி கேட்டார்.
தேசிங்கு எட்டு என்றான்.
டிரைவர் ஒருவர் டீயோடு நின்று
மூன்று என்று தீர்ப்பளித்தார்.
"நீங்க சொல்லுங்க, உங்க வண்டி.
நீங்க சொல்றதை எழுதிடறேன்."

ஒரு நொடி வேலை.
எட்டு என்றால் எட்டு.
நம்பர் பிளேட் வந்துவிடும், சாலையில் போகலாம்,
பொங்கலுக்கு மாலை போட்டுப் படம் பிடிக்கலாம்.
ஆனால்
என் கண் பார்க்காத ஒரு கிலோவை
நான் சீட்டில் அடித்ததில்லை.
மூட்டைக்கு நூறு ரூபாய் தருகிறேன் என்றவனுக்கும்
அடித்ததில்லை.
தெரியலைங்க, என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.
தாளை மடித்து ஃபைலில் வைத்து
பெட்டியைக் காலியாக விட்டு
ஸ்கூட்டரை உதைத்தார்.

இன்னும் மேடையிலேயே நிற்கிறது.
நேற்று இரவெல்லாம் மழை.
காலையில் பார்த்தால்
பதினான்கு கிலோ கூடியிருந்தது.
அதை மட்டும்
நோட்டில் எழுதிவைத்தேன்.