பச்சை வயருக்கும் கறுப்பு வயருக்கும்

மூச்சுமில்லை, பேச்சுமில்லை.
பொத்தானை அழுத்தினால் 'டிக்'கென்று ஒரு சத்தம்,
அதுவும் என் நகத்தினுடையது.

சாயங்காலம் பகாவ் முழுக்க இடி.
ஆலையில் எடை மேடையைப் பூட்டிவிட்டு நான் வருவதற்குள்
மழை விட்டு, செம்பனை வேகும் புளித்த வாடை
தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமும் இறங்கியிருந்தது.
மேசையடியில் இரவு பகலாய் உறுமும் பெட்டி
உறுமவில்லை.
குளியலறைக் குழாய் சொட்டுவது
முதன்முதலாகக் கேட்டது.

ஆபீசில் கழித்துப் போட்ட கணினி.
எண்பது வெள்ளிக்குக் கேட்டு வாங்கினேன்.
அதன் வயிற்றில்
தங்கை மகன் கோல் அடித்த படம்,
தீமிதிக் கணக்கு,
அப்புறம் மூன்றாம் டிவிஷனில் பால் வெட்டிய
அறுபத்து மூன்று பேரின் சம்பளச் சீட்டு.
பிஸ்கட் டின்னிலும் சாமிப் படத்தின் முதுகிலும் இருந்ததை
ஒவ்வொன்றாக வாங்கி, ஸ்கேன் செய்து
திருப்பிக் கொடுத்தேன்.
பாதிப் பேர் வீட்டில் அதற்கப்புறம் வெள்ளம் புகுந்துவிட்டது.
நாளை ஒன்பது மணிக்கு சிரம்பானில் விசாரணை.

நகல் எடுத்து வைக்கவில்லையா என்று தனபாலன் கேட்டான்.
கேட்கத்தான் செய்வான்.
இதுதான் நகல் என்றேன்.

சந்தேகத்தைச் சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.
அதே பிளக்கில் காற்றாடி சுற்றியது.
சுவரை விட்டுவிட்டேன்.
சோற்றுப் பானையின் வயரைப் பிடுங்கி மாட்டினேன்.
அரிசி பாதி வேக்காட்டில் நின்றது,
பெட்டி அசையவில்லை.
மூடியைக் கழற்றினால்
தூசி, ஒரு பல்லி வால்,
பல்லியைக் காணோம்.

பவர் சப்ளையின் பெரிய பிளக்கை உருவி
பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி
பச்சை வயருக்கும் கறுப்பு வயருக்கும் பாலம் போட்டேன்.
தனபாலன் ரப்பர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
இரண்டடி தள்ளி நின்றான்.
விசிறி சுற்றியது.
ஆக, சோறு போடுகிறவன் நன்றாக இருக்கிறான்.
எழுந்து வந்து சாப்பிடத்தான் ஆளில்லை.

பதினோரு மணிக்குப் பாப்பம்மா அக்காவின் போன்.
"என் சீட்டு இருக்குல்ல? எம்பத்தாறு, நவம்பர்.
அதுலதான் பேரு சரியா போட்டிருக்கான்."
இருக்குக்கா என்றேன்.
பொய்யில்லை.

மெமரி இரண்டையும் கழற்றினேன்.
ஒன்றை மட்டும் போட்டுப் பார்த்தேன், பிறகு மற்றதை.
காசு மாதிரி இருக்கும் பேட்டரியை எடுத்துத் துடைத்து
பத்து நிமிசம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.
ஏதோ வேண்டுதல் போல.
போர்டின் மூலையில் ஒரு பச்சைப் பொட்டு
அத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்தது.
நான் இங்கேதான் இருக்கிறேன் என்று
எத்தனை தரம் சொல்லுமோ.

எல்லாரையும் சந்தேகித்து முடித்த பிறகு
மிச்சமிருந்தது என் விரலும்
அது அழுத்திக்கொண்டிருந்த இடமும்.

பொத்தானிலிருந்து போர்டுக்குப் போகும்
இரண்டு மெல்லிய வயர்களைப் பிடுங்கினேன்.
அவை செருகியிருந்த ஊசிகள் இரண்டையும்
ஸ்குருடிரைவர் நுனியால் சேர்த்துத் தொட்டேன்,
ஒரே ஒரு நொடி.

உறுமியது.
தனபாலன் 'அடச்சீ' என்றான்.
இரண்டு வெள்ளிப் பொத்தானுக்கா இந்தப் பாடு?

பொத்தானைப் பிரித்தேன்.
உள்ளே சிற்றெறும்பு,
வெள்ளை முட்டைகளோடு
இரண்டு தகடுகளுக்கும் நடுவில் முழுக் குடித்தனம்.
தட்டிவிட ஈர்க்குச்சியை எடுத்தவள்
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
இன்றைக்கு ராத்திரி
யாருக்கும் நோட்டீஸ் கொடுக்க எனக்கு மனமில்லை.

இரண்டே முக்காலுக்குப் பிரிண்டர் கக்க ஆரம்பித்தது.
நாற்பத்தோராவது தாள்:
நவம்பர், வேலை நாள் இருபத்தாறு,
அரிசிக்குப் பிடித்தது பதினெட்டு வெள்ளி,
பேர் சரியாக.

அப்புறம்தான் பானையைத் திறந்தேன்.
பாதி வெந்து ஆறியதை மறுபடி வேகவைத்தால்
அடிப்பிடிக்கும், தெரியும்.
வயரை மாட்டி
சுவிட்சைத் தட்டினேன்.