வடிதாள்

தலைநகரத்திலிருந்து வந்த கடிதத்தை
வரிவரியாகப் பெயர்த்துச் சொன்னான் பி.ஆர்.ஓ. அஷ்கர்.
இனி இந்தக் காற்றை அளப்பதும்
மீறினால் அபராதம் போடுவதும்
உள்ளூர் அலுவலகத்தின் பொறுப்பு.
அளவு மட்டும் அவர்களுடையது:
நூற்றைம்பது.
அதை மாற்ற இங்கே யாருக்கும் உரிமையில்லை.
அதைக் காக்க இங்கே இரண்டு வண்டி உண்டு,
ஒன்றில் ஏசி வேலை செய்யாது.

நான் வடிதாள் மாற்றுகிறவன்.
ராஸ் அல் கைமாவில், கல்லுடைக்கும் மலைக்குக் கீழே
கம்பி வேலிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி
இரவும் பகலும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.
காலையில் கையுறை மாட்டி
அதன் ஒருநாள் மூச்சை இடுக்கியால் எடுத்து
உறையிலிட்டுத் தேதி எழுதுவேன்.
போன மாதம்வரை உறையில் பருந்து முத்திரை,
இந்த மாதம் கோட்டை முத்திரை.
தாள் அதே சாம்பல்.

ஆலையின் சுற்றுச்சூழல் அதிகாரி சிவசைலம்,
அம்பாசமுத்திரத்துக்காரர், போன் பண்ணினார்:
"இனி எல்லாம் நம்ம ஆளுங்கதான் தம்பி."
நம்ம என்றால் யாரென்று நான் கேட்கவில்லை.
சோதனை போடும் அறை மூன்றாம் மாடி.
ஆலைக்கு உரிமம் தரும் அறை ஐந்தாம் மாடி.
லிஃப்ட் ஒன்றுதான்.

மைஸூன் வந்தது இரவு இரண்டேகாலுக்கு,
முன்னறிவிப்பில்லாமல்,
அந்த ஏசி இல்லாத வண்டியில்.
தலைநகரத்து ஆட்கள் பகலில் வருவார்கள்.
வெள்ளை உடுப்பில் தூசி படியுமுன் திரும்பிவிடுவார்கள்.
இவள் வீடு காற்று போகும் வழியில்.
"என் மகன் தலையணையைத் தட்டினால்
உங்கள் மலை பறக்கிறது" என்றாள்.
உங்கள் என்றது சுட்டது. எனக்கா மலை?

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம்.
மூன்று மணிக்கு ஒரு சத்தம் நின்றது.
தூசிப் பைகளின் மின்விசிறி.
நிறுத்தினால் கரண்ட் மிச்சம்.
கொஞ்ச நேரத்தில் நிலாவைக் காணோம்.
பெட்டியில் பச்சை எண் ஏறியது:
இருநூற்றுப் பத்து,
முந்நூற்று நாற்பது.
விடிந்தபின் சராசரி போட்டால்
பகல் வந்து இந்த இரவைக் கழுவிவிடும்.
அதனால் நிமிடம் நிமிடமாக எழுதினாள்.
சாட்சி என்ற இடத்தில்
நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அறிக்கை மூன்றாம் மாடியில் முத்திரை வாங்கி
ஐந்தாம் மாடிக்குப் போனது.
பத்தொன்பது நாள்.
இன்னும் இறங்கவில்லை.

இதற்கிடையில் விசா புதுப்பிக்க
என் நெஞ்சைப் படமெடுத்தார்கள்.
டாக்டர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத்
தலைசாய்த்துப் பார்த்தார்,
நான் வடிதாளைப் பார்ப்பது போலவே.
"ஃபிட்" என்று ஓங்கிக் குத்தினார்.
எந்த முத்திரை என்று திருப்பிப் பார்த்தேன்.
பருந்து.
இதை மட்டும் இன்னும்
யாருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இன்று இரவும் வருகிறாளாம்.
செக்யூரிட்டியிடம் சொல்லி
உடையாத நாற்காலி ஒன்று
வேலிக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.