நாற்பத்தாறாம் நம்பர் கம்பி

காந்திபுரத்தில் பஸ் இறங்கி
நனைந்த பேண்ட்டோடு கடைக்குள் நுழைந்தேன்.
சட்டைக்குள் போனஸ் கவர்,
பதினெட்டாயிரம், ஒட்டுப் பிரிக்காமல்.

சுவரில் மூன்று தொங்கின.
சிவப்புதான் முதலில் கூப்பிட்டது.
பிளந்த அம்புமுனை மாதிரி உடம்பு.
மேடையில் நின்றால் சரி,
உட்கார்ந்தால் தொடையில் தங்காமல் வழுக்குகிறது.
நானோ சோமனூரில்
நூல் மூட்டைமேல் உட்கார்ந்து பழகுகிறவன்.
போதாக்குறைக்கு அதன் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கிறது.
ஆறாவது கம்பியைச் சித்தே இறக்கினால்
மற்ற ஐந்தும் கோபித்துக்கொண்டு ஏறும்.
எங்கள் வாசிப்போ இறக்கத்தில்தான் இருக்கிறது.

வெள்ளையை ஆம்ப்பில் மாட்டினார் டெரன்ஸ் அண்ணன்.
டிஸ்டார்ஷனைத் திருகியதும்
நான் விரல் வைக்கும் முன்னமே
உம்ம்ம் என்றது.
"ஒத்தக் காயிலுங்க தம்பி, அப்படித்தான் எரையும்."
தெரியும்.
நொடிக்கு ஐம்பது சைக்கிள்.
கணபதியில் நான் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில்
காலை எட்டரைக்கு அது காதில் ஏறும்,
ராத்திரி தலையணைக்குள்ளும் ஓடும்.
அதைக் காசு கொடுத்து வீட்டுக்கு வேறு கூட்டிப்போவதா?

கறுப்பு, ஒரு குடம் தண்ணீர் கனம்.
பிரிட்ஜ் அசையாது.
கழுத்து என் கைக்குள் அடங்கியது.
பிக்கப் ஒவ்வொன்றிலும் இரண்டு காயில்,
ஒன்று வலமாக, மற்றது இடமாக.
வெளி இரைச்சல் இரண்டிலும் நுழைந்து
ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சாகும்,
கம்பி சொன்னது மட்டும் மிஞ்சும்.
இதை யோசித்தவன்
என்றைக்கோ ஒரு பட்டறையில் வேலை பார்த்திருப்பான்.

ஆனால் பின்பக்கப் பிக்கப்பில் குரலே இல்லை.
தகர டப்பாவைத் தட்டியதுபோல் மெலிசாக ஏதோ.
"சுவிட்ச்தான் லூசுங்க" என்றபடி
போன் பேச வெளியே போனார்.
பையிலிருந்து மீட்டரை எடுத்து
ஜாக்கில் வைத்தேன்.
எட்டாயிரம் ஓம் காட்ட வேண்டிய இடத்தில்
ஐந்து லட்சம்.
உள்ளே எங்கோ மயிரிழை அறுந்து கிடக்கிறது.

சொல்லியிருக்கலாம்.
சொன்னால் கம்பெனிக்கு அனுப்புவார், இரண்டு மாதம்.
அதுவும் இல்லை,
எனக்கு அதைத் திறந்து பார்க்க வேண்டும்.
இரண்டு பேருமாகச் சுவிட்சைத் திட்டி
நாலாயிரம் குறைத்தோம்.
பாவம், சுவிட்ச் நன்றாகத்தான் இருந்தது.

பம்ப்செட்டுக்கு நான் சுற்றுவது இருபத்திரண்டாம் நம்பர் கம்பி.
இதற்கு நாற்பத்தாறு.
நம்பர் ஏற ஏற மெலியும்;
மூச்சு விட்டால் ஆடும், முறைத்தால் அறும்.
ஐயாயிரம் சுற்று.
ஆயிரத்து நானூறில் அறுந்தது.
மூவாயிரத்துச் சொச்சத்தில் கரண்ட் போன குலுக்கலில் அறுந்தது.
ஃபேனை நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன்.
தும்மலை விழுங்கினேன்.
ஏழாவது தடவை
எண்ணிக்கையை மறந்துவிட்டேன்,
கம்பி மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, தறி நிற்கும் நாள்.
சென்னியப்பன் டிரம்ஸின் பெடலுக்கு எண்ணெய் விட்டான்.
சொசைட்டியில் பால் அளந்துவிட்டு வந்த கருணாம்பிகை
தொண்டைக்குள் கரடியை எழுப்பிக்கொண்டிருந்தாள்.
ஆறாவது கம்பியை ஸி வரை இறக்கி
உள்ளங்கையால் அமுக்கி அடித்தேன்.
கிணறு வெட்டுகிற காட்டில்
அறுபது அடியில் தோட்டா வெடித்தது.
நூல் பஞ்சு உத்திரத்திலிருந்து உதிர்ந்தது.

கையை வைத்து நிறுத்தினேன்.
ஒன்றுமே இல்லை.
ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது,
இரைச்சல் இல்லை.
கரண்ட் இருக்கும்போதே இப்படியொரு அமைதியை
நான் கேட்டதில்லை.
மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.

பக்கத்துத் தறிக்காரர் ஷட்டருக்கடியில் குனிந்து பார்த்தார்.
"ஏனுங் கண்ணு, எந்த மோட்டாருக்குப் பேரிங் போச்சு?
ஆஃப் பண்ணிப்போடுங்க, காயில் வெந்துரும்."

"வேகாதுங்ணா," என்றேன்,
"முந்தாநேத்துத்தான் சுத்துனது."