வேலந்தாவளம், மாலை ஆறு மணி

ஃப்ரிட்ஜில்
மீன்குழம்புக்கும் மோருக்கும் நடுவே
விரலளவுக் குப்பி.
"இதக் குடிச்சுப்போடாதே கண்ணு" என்று
மகனுக்கு மயிலாத்தாள் ஒட்டிய சீட்டு.

பதினோரு வருஷம் சோதனைச் சாவடியில்
ரசீது எழுதியவள்.
கோழி லாரி, தேங்காய், எம்-சாண்ட்,
எதை நிறுத்துவது எதை விடுவது
தார்ப்பாய் கட்டிய விதத்திலேயே தெரியும்.
அவள் நுரையீரலுக்குத் தெரியவில்லை.
உள்ளூர்ப் பால்காரனைக்கூட
கடத்தல்காரன் என்று பிடித்துவைத்திருக்கிறது.
எக்ஸ்ரேயில் முடிச்சு முடிச்சாய் வரிசை.

திருச்சூர் டாக்டர் ஷெரீனா
பாதி மலையாளம் பாதி தமிழில் சொன்னார்:
இது நரம்பு எழுதுகிற சீட்டு,
இருபத்தெட்டே எழுத்து.
உங்கள் உடம்பிலும் இருப்பதுதான்.
முதலில் கண்டது பன்றிக் குடலில்.
"பன்னியா!" மயிலாத்தாள் சிரித்தாள்,
இருமினாள், மறுபடி சிரித்தாள்.
ஆய்வுதான், உறுதி இல்லை என்ற தாளில்
படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.
போட்டே பழகிய கை.

ஸ்டீராய்டு சாவடியையே பூட்டிவிடும்.
முகம் வீங்கும்,
எவனும் உள்ளே வருவான்.
இது கம்பை உயர்த்தச் சொல்லும்,
காவலாளை வீட்டுக்கு அனுப்பாது.
அப்படித்தான் எனக்குப் புரிந்தது.

ஆறு மணி. நெபுலைசர் உறுமுகிறது.
கரண்ட் போனால்
கொழிஞ்சாம்பாறை ஐஸ் கடைக்கு நான் ஓட வேண்டும்.
ஆவியை இழுத்தபடி ஜன்னலில் பார்க்கிறாள்:
ஜிஎஸ்டிக்குப் பின் ஆளில்லாத கூண்டு,
வானத்தைப் பார்த்துத் துருவேறிய கம்பு.
பன்னிரண்டு சக்கர லாரி ஒன்று
பழக்கதோஷத்தில்
அங்கே தயங்கி நிற்கிறது.

"போ, போ" என்கிறாள் முகமூடிக்குள்ளிருந்து.
லாரியைத்தான் என்று நினைக்கிறேன்.