ஒற்றை மணி

ரீகாவில் ஜனவரி. விடிகாலை மூன்று மணிக்கு
ஒரே ஒரு மணி அடித்து ஓய்ந்தது
அர்விட்ஸின் செல்பேசி.
டிராலி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
மகள் டப்ளினில், நிறைமாதம்.
கண்ணாடியைத் தேடவில்லை, எண்ணைப் பார்க்கவில்லை,
திருப்பி அழைத்துவிட்டார்.
எடுப்பார் இல்லை. அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது,
அவரும் வைக்கவில்லை,
பதினொரு நிமிடம்.
அடித்தது மணியே அல்ல, மணியின் ஒலிப்பதிவு,
நிமிடத்துக்கு நாலு யூரோ என்பது
பில் வந்தபிறகுதான் தெரிந்தது.

என் மேசைக்கு வந்த நாற்பத்தோராவது புகார் அது.
நான் விஸ்மா. தொலைத்தொடர்பு ஆணையம், நான்காம் மாடி,
ஜன்னலுக்குக் கீழே உறைந்துகிடக்கும் ஆறு.
எண்ணின் தொடக்கம் ஆறு ஏழு ஆறு: டோங்கா.
வரைபடத்தில் விரல் வைத்தேன்,
விரலுக்கடியில் நாடே மறைந்துபோனது.
திருட்டுத் தீவு, என்று நினைத்தேன்.
நினைத்ததை மறைப்பதற்கில்லை.

கடுமையாக ஒரு கடிதம். பதில் இல்லை.
இன்னும் கடுமையாக. இல்லை.
குற்றமுள்ள நெஞ்சு, என்றேன் பக்கத்து மேசையிடம்.

பத்தொன்பதாம் நாள் வேறெதையோ தேடி
அஞ்சலின் குப்பைப் பெட்டியைத் திறந்தேன்.
லாட்டரி விழுந்த செய்தி ஒன்று,
வழுக்கையில் முடி முளைக்க ஒன்று,
நடுவே, தலைவாரிச் சட்டை மாட்டிக்கொண்டு
கதவு திறக்கக் காத்திருக்கும் விருந்தாளி போல
நுகுஅலோபாவிலிருந்து நான்கு கடிதங்கள்.
அவசரம். வங்கி. பணம். தெரியாத முகவரி.
நாங்களே எழுதிக்கொடுத்த விதிகள்
அத்தனையும் பொருந்தி
எங்கள் வடிகட்டியில் நின்றுபோனவர்:
செமிசி, அந்நாட்டு ஆணையத்தில்
இந்த வேலைக்கென்று இருக்கும் ஒரே ஆள்.

'அந்த எண் லோசா என்பவருடையது, ரொட்டிக்கடைக்காரி.
அவர் யாரையும் அழைக்கவில்லை.
உங்கள் ஊரார்தான் அழைக்கிறார்கள்,
மாவு பிசையும் நேரம் பார்த்து,
புரியாத மொழியில் வைகிறார்கள்.
நேற்று ஒருவர் அழுதார்.
என்னவென்று தெரியாமல் லோசாவும் அழுதார்.
இங்கே வந்து சேர்வது பாதி. மீதியை
நடுவழியில் யாரோ இறக்கிக்கொள்கிறார்கள்,
எங்கள் பெயரில் காசும் வாங்குகிறார்கள்.
எப்போது பேசலாம்?'

என் இரவு எட்டு மணி, அவருக்கு மறுநாள் காலை ஏழு.
'உங்கள் நாளை எப்படி இருக்கிறது?'
'மழை. உங்கள் நேற்று?'

அழைப்பு கடந்துபோன நிறுவனங்களைக் கேட்டோம்.
ஒன்று இன்னொன்றைக் கைகாட்டியது,
அது முதலாவதை.
வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி.
ஏழு நாட்டு ஆணையங்களைத் திரையில் கூட்டினோம்.
மொந்தெவிதேயோவின் கிராசியெலா மடியில் குழந்தை தூங்கியது.
அக்ராவின் க்வாபெனாவுக்கு மின்சாரம் போய்ப் போய் வந்தது.
கேளாமல் வந்ததெல்லாம் குப்பையா,
விற்க வந்தது மட்டுமா,
ஆயிரத்தைத் தாண்டினால்தானா,
ஒரு சொல்லுக்கு மூன்று வாரம்.
பதிவேட்டைக் கொடுக்காதே என்றது என் சட்டம்,
கொடுத்தால்தான் நடவடிக்கை என்றது அவர் சட்டம்.
கடைசியில் பதினான்கு பக்கம், ஏழு கையெழுத்து.
சாரம் இவ்வளவுதான்:
நீ அழைத்தால் நான் எடுப்பேன்.

மார்ச்சில் ஒரு வழியை அடைத்தோம்.
ஏப்ரலில் இன்னொன்று திறந்துகொண்டது.

அர்விட்ஸின் பில்லை ரத்து செய்தார்கள்.
நன்றி சொல்ல மாடியேறி வந்தவர்
லோசாவின் எண்ணைக் கேட்டார்,
மன்னிப்புக் கேட்க வேண்டுமாம், எல்லார் சார்பிலும்.
கொடுக்க முடியாது, என்றேன். விதி.
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

நேற்று மூன்று மணிக்கு
ஒரே ஒரு மணி அடித்து ஓய்ந்தது
என் செல்பேசி. ஆறு ஏழு ஆறு.
'தெரியாத எண்ணைத் திருப்பி அழைக்காதீர்கள்':
நகரத்து டிராம்களிலெல்லாம் ஒட்டியிருக்கும்
அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான்.
விளக்கைப் போட்டேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு
ஒவ்வோர் இலக்கமாகப் படிக்கிறேன்:
செமிசியின் எண் முடிவது
ஒன்றிலா, ஏழிலா.